பல் டாக்டரின் பாதி வண்டி

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் சின்னவளும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். அந்த "ஒண்ணுமில்ல"வுக்குள் எவ்வளவோ இருக்கும், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை, நன்றாக இரு என்று வாழ்த்திவிட்டே தொடங்குகிறேன். என் வலது கட்டைவிரல் வீங்கிக் கிடப்பதால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். (அக்கா, அப்பா சொல்வதை மாற்றாமல் எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் அந்தச் சத்தியம் செல்லாது.) விரல் ஏன் வீங்கியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. வாரமெல்லாம் ஆபீஸ், சனி ஞாயிறு பிறத்தியார் கார்களைக் கழுவித் துடைத்து மெழுகு போட்டுப் பளபளப்பாக்கும் வேலை, அது உனக்குப் பிடித்த வேலை என்பதும் எனக்குத் தெரியும், சின்ன வயதில் என் ரப்பர் செருப்புக்கே பாலிஷ் போட்டவளாயிற்றே. ஆனால் அந்த டாக்சிக் கம்பெனி முதலாளி, வண்டி அத்தனையையும் உனக்கே தருகிறேன், இப்போது வாங்குவதில் பாதி விலைக்குச் செய், சனிக்கிழமைக்குள் பதில் சொல் என்கிறாராம். கூடவே, யாரோ ஒருவருடைய வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பின் சீட்டில் தூங்கிப்போனேன், அவர் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார் என்று சொல்லிச் சிரித்தாய். நாங்கள் சிரிக்கவில்லை. பாதி விலைக்கு இரண்டு மடங்கு வண்டி என்றால் நீ எப்போது தூங்குவாய், எப்போது வீட்டுப் பக்கம் வருவாய்? "என்ன விலை சொல்லட்டும்பா?" என்று என்னைப் போய்க் கேட்டாய். ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து அச்சடித்த விலையைப் படித்துக் காட்டியே காலம் கழித்தவன் நான். எத்தனையோ ஊரை விற்றிருக்கிறேன், ஒரு ஊருக்கும் நான் விலை வைத்ததில்லை. அம்மாதான் முன்னறையில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள், "தலைக்கு இவ்வளவுன்னு வச்சது நான் பண்ண தப்பு. நாலே முடி இருக்கறவரும் அதே காசு, சீப்பையே பாக்காத தலையும் அதே காசு. சிக்கைப் பாத்துத்தான் விலை சொல்லணும்னு அவகிட்ட சொல்லுங்க." (நாற்காலியில் இருந்தவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.) அப்புறம் அவளே, "சும்மா யோசிச்சா விலை வருமா, ஒரு வண்டியைத் துடைச்சுத்தான் பாருங்களேன்" என்றாள்.

அப்படித்தான் எதிர் வீட்டுப் பல் டாக்டரிடம் போய், உங்கள் காரை ஒரு மதியத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, "உள்ள பாத்து மயக்கம் போட்டுடாதீங்க சார்" என்றார். பொய்யில்லை. சீட் இடுக்கில் பிஸ்கட் தூள், தரையில் மணல், எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. நான் இடது பக்கக் கதவில் ஆரம்பித்தேன், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கதவு இடுக்கையும் ஏசிக் காற்று வரும் ஓட்டைகளையும் தேய்த்தேன், கட்டைவிரல் வீங்கியது அதில்தான். (ஆக, பல் டாக்டரின் வண்டிக்கே பல் தேய்த்துவிட்டோம்.) தேய்க்கத் தேய்க்க ஒரு மாதிரி ஆகிவிட்டதம்மா. இந்தத் தூசு எந்த ரோட்டிலிருந்து ஏறியது, அந்த ரோட்டில் அன்றைக்கு மழையா வெயிலா, இப்படியே யோசனை. கண்ணாடியில் ஒரு கை துடைத்தால் ஒரு துண்டு வானம் வந்தது, இன்னொரு கை துடைத்தால் அதில் ஒரு மேகம் வந்தது, அது நகர்ந்து போகும்வரை நானும் நகரவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "ஒரு கதவுக்குள்ளேயே குடும்பம் நடத்துறீங்களா?" என்றாள். சின்னவளுக்குக் குறும்பு கிளம்பிவிட்டது, நீல டேப் ஒன்றை எடுத்து பானட்டிலிருந்து கூரை வழியாக டிக்கி வரைக்கும் நடுக்கோடாக ஒட்டினாள். "இதுதான் எல்லை. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. தோத்தவங்க ஜெயிச்சவங்களுக்கு டீ போடணும்." அம்மா புடவையைச் செருகிக்கொண்டு வந்தாள், அதற்குள் முடி வெட்ட இன்னொரு ஆள் வந்துவிட்டார், போனவள் போனவள்தான். (நடுவர் பாரபட்சம் பார்க்கவில்லை. டீயும் யாருக்கும் கிடைக்கவில்லை.)

என் பக்கம் முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. முடித்த சீட் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். நீ ஏன் அங்கே தூங்கினாய் என்று அப்போது புரிந்தது. துடைத்த சீட்டும் நமக்கென்று யாரோ விரித்த படுக்கையும் ஒன்றுதான். நின்ற வண்டி மெல்ல ஓடுவதுபோல் இருந்தது. கண்ணை மூடியதும் நான் கவுன்டருக்குள் இருந்தேன், வரிசையில் நீ நின்றாய், கையெல்லாம் ஈரம், சட்டையெல்லாம் சோப்பு நுரை, உன் முறை வந்ததும் "வீட்டுக்கு ஒரு டிக்கெட்" என்றாய். நான் தேடுகிறேன், தேடுகிறேன், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் விலை அச்சடிக்கவே இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், நீ கவுன்டர் கண்ணாடியில் என் பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாய். கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டு விழித்தால் பல் டாக்டர்.

சின்னவள் டேப்பை உரித்தாள். கோடு போட்ட மாதிரி ஒரு பக்கம் கண்ணாடிபோல, மறுபக்கம் பழைய வாணலிபோல. அவர் சுற்றி வந்தார், "இது ரெண்டும் ஒரே வண்டியா?" என்றார். இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார், வலது பக்கம் போய் உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்து திரும்ப இடது பக்கமே வந்துவிட்டார். "காலைல வரைக்கும் இதுலதானே போய்ட்டிருந்தேன், இப்ப அந்தப் பக்கம் பாக்கவே பிடிக்கலையே. முழுசுக்கும் என்ன விலை சொல்லுங்க" என்றார். நாம் கேட்காமலே அவராகக் கேட்டார், அதைக் கவனி. அழுக்கை மட்டும் பார்க்கிறவர் பழகிப்போயிருப்பார், சுத்தத்தை மட்டும் பார்க்கிறவர் இது எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நடுவில் உன் உழைப்பு தெரியும். ஆகவே பாதி விலைக்கு முழு வண்டி கேட்கிற அந்த மனிதருக்கு, நீ பாதி வண்டியைத் துடைத்துக் காட்டு. மறுபாதி வேண்டுமென்றால் அவரே உன் விலைக்கு வருவார். வராவிட்டால் போகட்டும், சனிக்கிழமை தூங்கு.

பல் டாக்டருக்கு நான் விலை சொல்லவில்லை. "அதெல்லாம் எங்க பெரியவதான் சொல்லணும்" என்றேன். அன்றிலிருந்து மனிதர் பாதி வண்டியில்தான் ஊரைச் சுற்றுகிறார். "ஒரு பக்கம் மட்டும் பல் தேச்ச வாய் மாதிரி இருக்கு சார், பேஷன்ட் எல்லாம் சிரிக்கறாங்க, உங்க பொண்ணைச் சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க" என்று தினமும் கேட்கிறார். அதனால் டாக்சிக்காரருக்குச் சொல்லும் முன் எனக்குச் சொல். சோப்புக்கும் மெழுகுக்கும் ஆகும் செலவோடு உன் முதுகுக்கும் ஒரு விலை போடு, தூக்கத்துக்கும் போடு, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வண்டியே இல்லாமல் இருப்பதற்கும் சேர்த்துப் போடு. சொல்லும்போது குரலை இறக்காதே. சிக்கான வண்டிக்குக் கூடுதல், அது அம்மாவின் உத்தரவு.

கையுறை போடாமல் பாலிஷைத் தொடாதே. எங்கே இருந்தாலும் உன் கை வைத்த இடம் துலங்கட்டும், உன் கண்ணுக்கு நல்ல தூக்கம் வரட்டும். சனிக்கிழமைக்கு முன் விலையைச் சொல்ல மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா

(அக்கா, டேப் என் யோசனை, அதற்கான கட்டணத்தை நேரில் வந்து செலுத்தவும். இன்னொன்று, அப்பாவின் விரல் நேற்றே சரியாகிவிட்டது. மறுபாதியையும் துடைக்கலாம், கடிதத்தையும் தானே எழுதலாம். மறுபாதியை உனக்காக வைத்திருக்கிறாராம். சரி, கடிதத்தையாவது எழுதுங்களேன் என்றேன். "நானே எழுதினா 'வா'ன்னு ஒரே எழுத்துல முடிஞ்சிடும்" என்கிறார்.)