இடப்பக்கம் சாய்ந்த முள்

பதிவு 1. திங்கள், காலை 8:10. பதினாறாம் மட்டம், கருவி அறை

நிலாவில் செத்த முதல் ஆளைப் பூமிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்களே, அந்த வருஷம். பாலாறு ஒரே மழைக்காலத்தில் இரண்டு தரம் கரை உடைத்ததும், எங்கள் காலனிக்கு டிரைவர் இல்லாத பஸ் வந்ததும் அதே வருஷம்தான். நாளையும் மணியையும் இந்தப் பதிவுப் பெட்டியே போட்டுக்கொள்ளும். நான் சொல்லச் சொல்ல எழுதும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பேசுவது சவரியப்பன், வயது எழுபத்தாறு. வேலை, உட்காருவது.

எங்கள் கம்பெனியில் நாலு பேர். ஆய்வுக்கூடங்களுக்குத் தராசு செய்கிறோம். காகிதத்தில் பென்சிலால் வைத்த புள்ளியின் எடையைக்கூடக் காட்டும் தராசு. கம்பெனி தெய்வானை மேடத்துடையது, அவர் விஞ்ஞானி. ஜெகவீரன் இன்ஜினியர். கணக்குப் போடும் நசீமா மேலே குழி வாசலில் போனோடு இருப்பாள். மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தில் இந்த மட்டத்தை வாடகைக்கு எடுத்ததே, இங்கே லாரி அதிர்வு வராது என்பதற்காக.

இப்போது செய்வது கனங்காணி. எடை உள்ளது எதுவும் பக்கத்தில் இருப்பதைத் துளியாவது இழுக்கும் என்பார் மேடம். இடிபாட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் கிடந்தால், அந்த உடம்பின் இழுப்பை இது காட்டிக்கொடுக்கும். நான் பதினோரு வருஷமாக ஐம்பத்திரண்டு கிலோ, ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை. அதனால் சோதனைக்குப் பாறைக்கு அந்தப் பக்கத்து உள்ளறையில் போய் உட்காருவது நான்தான். ஜெகவீரன் என்னைப் படிக்கல் என்றுதான் கூப்பிடுவார். எனக்கு எண் படிக்க வராது என்று பழைய வோல்ட் மீட்டர் முள் ஒன்றைக் கருவியில் பொருத்திக் கொடுத்தவரும் அவரே. உள்ளறைக்கு ஆள் வந்தால் முள் வலப்பக்கம் போகும். விலகிப் போனால் இடப்பக்கம்.

காலையில் ஒரு தரம், எந்த அதிர்வுக்குப் பிறகும் ஒரு தரம், பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் போட வேண்டும், அதாவது முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அது கம்பெனிச் சட்டம். டீ டம்ளரை ஓங்கி வைத்தாலும் மேடம் போடச் சொல்வார். போட்டாயிற்று. உள்ளறை காலி. முள் நடுவில்.

பதிவு 2. திங்கள், பகல் 2:55

பாறை வெடித்துவிட்டது.

ஜெகவீரன் உள்ளறையில் இன்னொரு உணரியை மாட்டப் போயிருந்தார். இன்று மேடம் என்னை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னார். உள்ளேயிருந்து போனில் ஜெகவீரன் பேசியதைப் பெட்டி பிடித்திருக்கிறது.

"பெரியவரே, ஆடாம குந்துங்க. உங்க வயிறு கத்துறது இங்க வரைக்கும் வருது. காலைல இன்னா துன்னீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் தரை எழும்பி இறங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. என் ஒன்பது வயதில் அப்பாவையும் இன்னும் ஆறு பேரையும் இந்த மட்டத்திலேயே பாறை அமுக்கியது. வெடிக்கிற பாறையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

உள்ளறைக்குப் போகும் வழி நாற்பது அடிக்கு மூடிக்கொண்டது, அங்கே போகும் போனும் அறுந்துவிட்டது. மேலே ஏறும் கூண்டுக்குப் போகும் வழியும் மூடிவிட்டது. மேடத்துக்குப் பின்மண்டையில் அடி. அவர் முதலில் செய்தது, கருவியிடம் தவழ்ந்து போனது. பாறை இடம் மாறியதில் முள் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது; அப்படி நின்றால் எதையும் பார்க்க முடியாது. பூஜ்யம் போட்டார். முள் நடுவுக்கு வந்தது. காத்திருந்தோம். வலப்பக்கம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

உள்ளே ஆள் இல்லை என்றார் மேடம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். உள்ளறையின் கடைசியில் பழைய குழி ஒன்று கீழே போகிறதே, அதில் விழுந்திருப்பான் என்றார்.

பதிவு 3. திங்கள், மாலை 5:40

மேலேயிருந்து போன், நசீமா.

"தாத்தா, ரெஸ்க்யூ ஆளுங்க வந்துட்டாங்க. ஒரு பக்கம்தான் தோண்ட முடியுமாம். ஜெகா அண்ணன் பக்கமா, உங்க பக்கமான்னு கேக்கறாங்க. மேடத்துகிட்ட குடுங்க."

மேடம் வாங்கிச் சொன்னது: "கனங்காணி பூஜ்யம் காட்டுது. உள்ளறையில யாரும் இல்ல. பதிவு பண்ணிக்கோ. சவரியண்ணன் பக்கம் வரச் சொல்லு."

காற்று மேலேயிருந்து ஒரே இரும்புக் குழாயில் வருகிறது. இந்த அறையில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை இடது சுவரை ஒட்டி, தரைக்கு அடியில் உள்ளறைக்குப் போகிறது. வெடிப்பில் எங்கோ விரிசல் விட்டிருக்க வேண்டும். காற்று பாதிதான் வருகிறது. காலி அறைக்கு எதற்குக் காற்று, அந்தக் கிளையின் வால்வை மூடிவிடுங்கள் அண்ணே என்றார் மேடம். மூடினேன். இறுக்கித்தான் மூடினேன்.

பதிவு 4. செவ்வாய், காலை 5:30

தெய்வானை மேடம் போய்விட்டார். என் மடியில்தான் தலை இருந்தது. கடைசியாக ஜெகவீரன் பெயரைச் சொல்லி, அவனை நான்தான் உள்ளே அனுப்பினேன் என்றார்.

நான் கருவியைப் பார்த்தேன். முள் அசையவில்லை. செத்தவருக்கும் இருப்பவருக்கும் அதற்கு ஒரே எடை.

பதிவு 5. செவ்வாய், காலை 6:50

முள் இடப்பக்கம் போனது.

மெதுவாகப் போய், கொஞ்ச நேரம் நின்று, நடுவுக்குத் திரும்பியது. நான் அசையவில்லை. மேடம் அசைய மாட்டார். உள்ளறை காலி.

சுரங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பாறைக்குள் செத்தவன் ஒரு ராத்திரி அங்கேயே இருந்துவிட்டு, விடிந்ததும் கிளம்புவான் என்று. அம்மா அப்பாவுக்காக அன்று காலை கதவைத் திறந்து வைத்திருந்தாள். இடப்பக்கம் என்றால் யாரோ போகிறார்கள். ஜெகவீரனின் ஆவி என்றுதான் நினைத்தேன். முழங்காலிட்டு ஜெபம் சொன்னேன். அப்பாவோடு போனவர்கள் பெயரும் வரிசையாக வாயில் வந்தது. மாணிக்கம், தொப்ளான், பெரிய அருளப்பன், சின்ன அருளப்பன், கன்னியப்பன், வரதன்.

சொல்லி முடிப்பதற்குள் முள் மறுபடி இடப்பக்கம் போய்த் திரும்பியது.

பதிவு 6. செவ்வாய், காலை 7:25

போன உயிர் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காராது.

மளிகைக் கடையில் எண்ணெய் வாங்கியவர்களுக்கு இது புரியும். கடைக்காரர் வெறும் டின்னைத் தராசில் வைத்துப் பூஜ்யம் போடுவார். டின்னுக்கு எடை இருக்கிறது, ஆனால் தராசு சொல்லாது. டின்னைத் தூக்கினால் மட்டும் குறைவு காட்டும்.

சோதனையில் எப்போதும் உள்ளறை காலியாக இருக்கும்போது பூஜ்யம் போடுவோம். பிறகு நான் உள்ளே போவேன். ஆறு வருஷமாக அப்படித்தான். நேற்று ஜெகவீரன் உள்ளே கிடக்கும்போதே மேடம் பூஜ்யம் போட்டார். மண்டையில் அடியோடு, கைப்பழக்கத்தில். கருவி ஜெகவீரனையும் பாறையோடு பாறையாக வைத்துக் கழித்துவிட்டது.

நேற்றிலிருந்து மயங்கிக் கிடந்திருக்கிறார். இப்போது விழித்து, தூரப் போய்ப் போய்த் திரும்புகிறார். வழி தேடுகிறார்.

வால்வை மூடி பதினாலு மணி நேரம் ஆகிறது. மூடியது என் கை.

பதிவு 7. செவ்வாய், காலை 7:50

போனில் எல்லாம் சொன்னேன். நசீமா இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு:

"தாத்தா, நீங்க சொல்றது சரி. ஐயோ, நானே அந்த ரீடிங்க எழுதினேன். ஒரு தரம்கூட யோசிக்கல. இருங்க, ஆபீசர்கிட்ட தர்றேன்."

ஆபீசர்: "பெரியவரே, பதட்டப்படாதீங்க. மேடம் குடுத்த ரீடிங் பதிவுல இருக்கு. காத்து கொறைஞ்சா முள்ளு ஆடுற மாதிரிதான் தெரியும். உங்க பக்கம் வேலை நடக்குது. அமைதியா படுத்துக்குங்க."

நசீமா மறுபடி: "நான் விட மாட்டேன் தாத்தா. இவங்க காலைப் புடிச்சாவது அந்தப் பக்கம் தோண்ட வைக்கிறேன். நீங்க வால்வ..."

அத்தோடு சின்னதாக ஒரு அதிர்வு. போன் போய்விட்டது.

சட்டப்படி நான் இப்போது பூஜ்யம் போட வேண்டும். கை தானாகப் பொத்தானுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

பதிவு 8. செவ்வாய், காலை 8:35

நான் இறுக்கிய வால்வை அசைக்கவே இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. பாதி திறந்தேன். குழாயில் காது வைத்தேன். அந்தக் கிளையில் சத்தம் இல்லை. பாதிக் காற்றுக்கு அவ்வளவு தூரம் தள்ளப் பலம் இல்லை. முள் நடுவிலேயே நின்றுவிட்டது. கால் மணி நேரமாக ஜெகவீரன் அசையவில்லை.

இந்தப் பக்கம் பழைய குழிகளிலிருந்து கெட்ட காற்று கசிகிறது, விளக்கைத் தரையில் வைத்தால் சுடர் மங்குகிறது. குழாய் ஊதும் வரைக்கும்தான் இங்கே இருக்க முடியும்.

இரண்டு பக்கமும் ஆகாது. இங்கே வருகிற வாயை மூடி, காற்றை அந்தப் பக்கம் முழுசாகத் திருப்பிவிட்டேன். இப்போது கேட்கிறது, உஸ்ஸென்று, மாவு சலிக்கிற மாதிரி.

பதிவு 9. செவ்வாய், காலை 9:05

முள் வலப்பக்கம் வந்தது. முதல் தடவையாக வலப்பக்கம். குழாயின் வாய் இருக்கிற மூலைக்கு, கருவிக்குக் கிட்டே, ஜெகவீரன் வந்துவிட்டார். வந்த இடத்திலேயே முள் லேசாகத் துடிக்கிறது. மூச்சாக இருக்கலாம். எனக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாது. மேடம் இருந்தால் சொல்லியிருப்பார்.

தலை கனக்கிறது. கால் மரத்துவிட்டது. நான் ஆடினால் முள்ளும் ஆடும். அவருடையது எது என்னுடையது எது என்று குழம்பிவிடக் கூடாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மேடத்தின் முகத்தில் துண்டு போட்டிருக்கிறேன்.

பதிவு 10. செவ்வாய், காலை 9:40

இதைக் கண்டெடுப்பவருக்கு.

முதலில் இந்தப் பக்கம்தான் வருவீர்கள். எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பீர்கள். எங்களைத் தூக்க நிற்க வேண்டாம். உங்களில் கருவி தெரிந்தவர் இருந்தால், வந்ததும் கை பொத்தானுக்குப் போகும். இவ்வளவு பாறை நகர்ந்திருக்கிறதே, பூஜ்யம் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். போட்டால் உள்ளே இருப்பவர் மறுபடி இல்லாமல் போய்விடுவார். யாரும் அமுக்கிவிடாதபடி பொத்தான் மேல் என் கையை வைத்துத் துணியால் கட்டியிருக்கிறேன். ஒரு விரலும் அதை அமுக்கவில்லை, பார்த்துத்தான் கட்டினேன். அவிழ்க்கும்போது மெதுவாக.

வால்வைத் தொடாதீர்கள். என் வாயருகே காற்று வைக்க வேண்டும் என்று அதைத் திருப்பாதீர்கள்.

இடது சுவரை ஒட்டித் தோண்டுங்கள். குழாய் அங்கேதான் போகிறது.

பதிவு 11. செவ்வாய், காலை 9:58

அப்பா இந்தச் சுவருக்குப் பின்னால்தான். முள் அவரைச் சொல்லாது. அவர்கள் ஏழு பேரும் எந்தப் பூஜ்யத்திலோ...

முள் துடிக்கிறது. வலப்பக்கம். இன்னும் வலப்பக்கம்.

ஆள் கணக்கு சொல்லிவிடுகிறேன். கூண்டில் இறங்கினவர்களைப் பேர் சொல்லிக் கணக்குக் கொடுக்கிற வழக்கம். பதினாறாம் மட்டத்தில் நேற்று இறங்கினது மூன்று பேர். தெய்வானை மேடம், இல்லை. சவரியப்பன், அவனை எண்ண வேண்டாம். உயிரோடு இருக்கிறவர் ஒருவர். தங்கையா மகன் ஜெகவீரன்.