எக்கோ போடாத குரல்

அம்பிட்டிய, கண்டி
9 நவம்பர் 1986

அன்பு மகள் சீதாவுக்கு,

அப்பா எழுதுவது. பாரிஸில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைக் கவனித்துக்கொள். உன் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் ஏதும் வந்ததா? இங்கே மழை விடவில்லை. அம்மா எழும்பி நடக்கிறார், கஞ்சி குடிக்கிறார். கீழ்வீட்டு ஆஸியா உம்மாதான் காய்ச்சி அனுப்புகிறார்.

இத்துடன் வரும் பொதியில் ஒரு இசைத்தட்டு இருக்கிறது. அதைப் போடுவதற்கு முன் இதை முழுவதும் வாசித்துவிடு.

இதுவரை உனக்கு மறைத்துவிட்டோம்: அம்மாவின் தொண்டையில் இருப்பது புற்றுநோய் என்று சித்திரையில் தெரிந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தப்பும் என்றார் டொக்டர். உனக்கு எழுத உட்கார்ந்தேன். அம்மா விடவில்லை. "எல்லாத்தையும் விட்டுப்போட்டு ஓடிவந்திடுவாள். வந்தால் பிறகு திரும்பிப் போக ஏலாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டுறதுக்கு முதல் என்ர குரலைப் பிடிச்சு வையுங்கோ, அவளுக்கு" என்றார். கசெட் வேண்டாமாம், யாராவது மறதியில் மேலே வேறு பாட்டைப் பதிந்துவிடுவார்களாம். தட்டுத்தான் வேண்டும் என்று சிரித்தார்.

ஹோட்டல் வாத்தியக் குழுவில் நான் வாசிக்கும் இரண்டு சிந்தசைசர்களையும் முன்னறைக்குக் கொண்டுவந்தேன். பிலிமத்தலாவையில் ரேடியோக் கடை வைத்திருக்கும் அழகமுத்து தன் ஒலிப்பதிவு மெஷினோடு வந்தான். அந்தச் சிந்தசைசர்களில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் எழும். ஆகவே கீழ்ச்சுரங்களைத் தனியாகப் பதிந்து, அதன்மேல் இன்னொன்றைப் பதிந்து, கடைசியில்தான் அம்மாவின் குரல். மின்சாரம் ஏறி இறங்கினால் சுருதி நழுவிவிடும். நான் குமிழ்களைத் திருகிச் சரிசெய்யும்வரை அம்மா சால்வையைப் போர்த்துக்கொண்டு கதிரையில் பேசாமல் இருப்பார். பேசினால் பாடுவதற்குக் குரல் மிஞ்சாது.

முதல் பாட்டைக் கேட்டுவிட்டு அழகமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னான்: "செசிலியாக்கா, கொஞ்சம் எக்கோ போட்டா இந்தக் கரகரப்பு வெளிய தெரியாதுங்க."

"வேண்டாம் தம்பி. எக்கோ போட்டால் எங்கயோ தூரத்தில நிண்டு பாடுற மாதிரி இருக்கும். சீதா கேக்கேக்க நான் அவளுக்குப் பக்கத்தில இருக்கோணும்" என்றார் அம்மா.

அதனால் ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் மூச்சு இழுப்பதும் எச்சில் விழுங்குவதும் உனக்குக் கேட்கும். பயப்படாதே.

கடைசிப் பாட்டு, நீ பிறந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய தாலாட்டு. முடிவில் இரண்டு வரி இருக்கும்போது குரல் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. அழகமுத்து ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். மறுநாளும் முயன்றோம். வரவில்லை. அடுத்த கிழமை சத்திரசிகிச்சை.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த இரண்டு வரியின் மெட்டை நான் சிந்தசைசரில் வாசித்து நிரப்பினேன். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே பொறுக்க முடியவில்லை. அழித்துவிட்டேன். அந்த இடத்தில் கீழ்ச்சுரம் மட்டும் தனியாகப் போகும். தட்டில் பழுது என்று நினைத்துவிடாதே.

சென்னையில் அச்சடித்த தட்டுகள் போன கிழமை வந்து சேர்ந்தன. அம்மாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். தன் குரலைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாலாட்டில் அந்த இடம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு பார்த்தேன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கழுத்துக் கட்டின்மேல் கையை வைத்தபடி, தாளம் பிசகாமல் இரண்டு வரியையும் பாடி முடித்தார். சத்தம் மட்டும் இல்லை.

மகளே, இது கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆஸியா உம்மா வீட்டு டெலிபோனுக்குக் கோல் எடு. அம்மாவும் வருவார். "அம்மா, கதையுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதே. அழாதே என்று நான் சொல்லமாட்டேன். சமைத்தது, பஸ்ஸில் கண்டது, எதுவானாலும் சொல்லிக்கொண்டே இரு. கேட்கிறார் என்பதற்கு ரிசீவரை நகத்தால் தட்டுவார். சின்னச் சத்தம்தான்; கவனமாகக் கேள். அவர் தட்டும்வரை வைத்துவிடாதே, பிள்ளை.

அம்மாவின் மாதாவும் என் முருகனும் உன்னைக் காக்கட்டும்.

உன் அன்பு அப்பா,
விமலநாதன்