நீ ஒப்படைத்த நான்கு எழுத்து

நேற்று காட்பாடி போகும் ரயில் ஆம்பூரில் நின்றபோது ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை, உன் சட்டையில் எப்போதும் இருந்தது. என்னை அறியாமல் என் விரல்கள் மடியிலிருந்த பையின் மேல் உன் நான்கு எழுத்தைத் தட்டின.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், பஜார் மாடியிலிருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து நம் ஊருக்கென்று இணையத்தில் ஒரு ஃபோரம் நடத்தினோம். துபாயில் இருப்பவனும் இங்கே தொழிற்சாலையில் இருப்பவனும் அதில்தான் பேசிக்கொண்டார்கள். பாஸ்வேர்டில் முதல் நான்கு எழுத்து உன்னிடம், மீதி நான்கு என்னிடம். நீ தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நான் தட்டும்போது நீ. எல்லாம் உன் ஏற்பாடு.

"இன்னாப்பா, பேங்க் லாக்கரா இது?" என்று கிண்டல் செய்வேன்.

"இது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. ஒருத்தன் எழுதுனத எடுக்கணும்னா ரெண்டு பேருக்கும் மனசு வரணும்" என்பாய்.

உனக்கு டபுள் ஷிப்ட் விழுந்த ஒரு வாரத்தில் உன் பாதியை என்னிடம் சொன்னாய். "புதுசா சேர்றவங்கள உள்ள வுடு. வேற எதுலயும் கை வெக்காத."

அந்த வாரமே நீ ஃபோரத்தில் ஒன்று எழுதினாய், சொந்தப் பெயரில். உன் தோல் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டிக்குள் ஆட்களை முகமூடி இல்லாமல் இறக்குகிறார்கள், உள்ளே விஷவாயு, சீக்கிரம் யாராவது சாவார்கள் என்று. மாலையே அங்கிருந்து மேனேஜர் எனக்குப் போன் செய்தார். என் அண்ணனுக்கும் அங்கேதான் வேலை. "உங்க அண்ணன் நல்லா வேல செய்றாரு. எதுக்கு இந்தப் பேஜாரு? எடுத்துடு தம்பி" என்றார். அதட்டக்கூட இல்லை. எட்டு எழுத்தையும் நானே தட்டி உன் பதிவை எடுத்துவிட்டேன். உன் வேலையைத்தான் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பயம், வேறொன்றுமில்லை.

மறுநாள் நீ சண்டை போடவில்லை. "என்னக் கூப்ட்டு உக்கார வெச்சு கேட்டிருந்தா, நானே என் பாதிய தட்டியிருப்பேன். தனியா எடுத்துட்டியே" என்றாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய்.

அந்த மாதம் முடிவதற்குள், தொட்டியில் மயங்கி விழுந்தவனைத் தூக்க இறங்கிய நீ ஏறி வரவில்லை.

ஃபோரம் முழுக்க இரங்கல். ரியாத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "இதப் பத்தி முன்னாடியே யாரும் இங்க எழுதலியா?" உன் பதிவை ஊரில் சிலர் படித்திருப்பார்கள், அவர்களும் வாய் திறக்கவில்லை. நான் "இல்லை" என்று பதில் போட்டேன். பதிவை எடுக்கவாவது ஒருவர் போன் செய்தார். இந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பிறகு ஆள் வராமல் ஃபோரமும் மூடிப்போனது. உன் பாதி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

நேற்று எதிர் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "இங்க வேல செய்றவங்க எப்படித்தான் இருக்காங்களோ. உங்களுக்கு யாரையாவது தெரியுமா சார்?"

விரல்கள் இன்னும் பையின் மேல்தான் இருந்தன.

"தெரியாதுங்க" என்றேன்.