ஒடிந்து கூடிய கால்

பிராங்க்பர்ட்
18.1.1999

அன்புள்ள அப்பாவுக்கு மகிமாவின் ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

பழனிசெட்டிபட்டிக் கடையில், "காலப் பாருங்கண்ணே, மண்ணக் கிண்டித் தேஞ்ச நகம், நாட்டுக்கோழிதேன்" என்பீர்களே, மியூசியத்தில் என் வேலையும் அதுதான். அழிந்துபோன பறவை ஒன்றின் கால் எலும்பைப் போன வாரம் கல்லிலிருந்து பிரித்தெடுத்தேன். பின்விரல் பொருந்திய தடமே இல்லை. கிளையைப் பற்றி உட்காராமல் தரையில் ஓடித் திரிந்த பறவை. எலும்பின் நடுவே ஒரு புடைப்பு. கால் ஒடிந்து, தானே கூடி, அதன்பிறகும் வெகுகாலம் நடந்திருக்கிறது.

அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டு வெளியே வந்தவள்தான் பனியில் வழுக்கினேன். கணுக்காலில் சின்ன விரிசல். மாவுக்கட்டோடு உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன்.

எலும்பு சீக்கிரம் கூடுவதற்குப் பிரண்டைப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். அம்மா கேட்டால், "பொடிச்சோத்துக்கு ஆசப்பட்டா"ன்னு சொல்லிருங்க. கடையில் நீங்கள் பேசுவதைக் கேசட்டில் பதிந்து அதோடு வையுங்கள். அறையில் ரேடியோகூட ஜெர்மனில்தான் பேசுகிறது.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. இப்போதுதான் நினைவு வருகிறது, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு அம்மாவைத்தானே வாசிக்கச் சொல்வீர்கள்!

அம்மா, அழாதீங்க. அந்தப் பறவைக்குப் பிரண்டை இடிச்சு அனுப்ப ஆளில்லை. எனக்கு நீங்க இருக்கீக.

மகிமா