நிலாவுக்குக் கிடைத்த காக்கைச் சீட்டு

ஜூலை 8, செவ்வாய்

இன்று எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு விலங்குச் சீட்டு விளையாட்டு. சீட்டில் இருப்பதுபோல் கத்திக் காட்டினால், மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏப்ரலில் சேர்ந்ததிலிருந்து நிலா வகுப்பில் பேசியதே இல்லை. அதனால் எப்போதும் சத்தம் போடாத மீனையோ முயலையோ பார்த்து அவளிடம் கொடுத்துவிடுவேன். இன்று சீட்டுகளைக் கொடுத்தது எங்கள் வங்காளி ஆயா, எல்லாரும் மாஷி என்று கூப்பிடுபவள்.

நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ விடாமல் கா கா என்று கத்தினார்கள். பக்கத்து வகுப்பில் பரீட்சை. திரும்பாமலே "சுப்! வாயை மூடு!" என்று அதட்டினேன்.

"ஓ தோ நிலா, திதி!" என்றாள் மாஷி, அது நிலாதான் அக்கா என்று.

திரும்பினேன். நிலா இரு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். பிறகு நானே காக்கையாகக் கத்திப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

மதியம் வாசலில் அவள் அம்மா கேட்டாள். "இன்னிக்காவது வாயத் தொறந்தாளா மிஸ்? வீட்ல ஓயாம பேசறா."

"இல்லம்மா. பார்க்கலாம்."

நிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் நடந்ததைச் சொல்லியிருப்பாள். நான் மறைத்ததை அவளாவது சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.