விம்மலைக் கழித்த கணக்கருக்கு

வேயனூர் நாட்டின் மலையும் மழையும் நிலைபெறுக. ஐந்து கோட்டைகளுக்குத் தலைவியும், மூங்கிற்கொடி உயர்த்தவளும், பூங்குழையைப் பெற்ற தாயுமாகிய மானவல்லி, எல்லைக்கோட்டையில் வீற்றிருக்கும் பெருங்கணக்கர், கட்டங்களின் காவலர், கூட்டலில் குன்றாதவர், கழித்தலில் கண்கலங்காதவர், உயர்திரு நெடுமாடனார்க்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டை மதில் உறுதியுடன் விளங்குக. உமது எழுத்தாணி கூர் மழுங்காதிருக்க. உமது செவிகளுக்கும் இறைவன் ஏதேனும் ஒரு வேலை கொடுப்பானாக.

நீர் அறிந்ததுதான், எனினும் கட்டத்தில் இடாத எதையும் நீர் அறிவதாகத் தெரியவில்லை ஆதலால் மீண்டும் சொல்கிறோம். நம் மகள் பூங்குழையைத் தாழைநாட்டு வேந்தர்க்கு மணம் செய்து கொடுத்தோம். அங்கிருந்து அவள் எழுதும் ஓலை ஒவ்வொன்றும் அவள் மாமியாரின் கண்ணில் பட்டு, திருத்தப்பட்டு, அவர்கள் முத்திரையோடுதான் வருகிறது. அந்த ஓலைகளில் அவள் எப்போதும் பால்சோறு உண்கிறாள், எப்போதும் மகிழ்ந்திருக்கிறாள். இப்படி நேரும் என்று முன்பே ஐயுற்றுத்தான், கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்லும் மைனா ஒன்றைச் சீதனத்தோடு அனுப்பிவைத்தோம். இரு வீடும் பழகிய பறவை அது. மைனாவைத் திருத்த எந்த மாமியாராலும் முடியாது. அப்பறவை மகளின் குரலைச் சுமந்துகொண்டு காடு கடந்து வந்து, நம் கெட்ட காலம், உமது கோட்டையில் இறங்கியது.

எல்லை கடந்து வருவது எதுவாயினும் கட்டம் கீறிய ஓலையில் ஏற்றப்பட்ட பின்னரே தலைநகர் புக வேண்டும் என்பது நம் ஆணைதான், மறுக்கவில்லை. அரிசிக்கும் உப்புக்கும் குதிரைக்கும் அதை விதித்தோம். குரலுக்கும் அதை நீட்டியது உமது சொந்தச் சமர்த்து. பறவையின் நிறத்துக்கு ஒரு கட்டம், எடைக்கு ஒரு கட்டம், அலகு திறந்த தடவைக்கு ஒரு கட்டம், சொற்களின் தொகைக்கு ஒரு கட்டம். குரல் எவ்வாறு இருந்தது என்னும் கட்டத்தில், பெறப்பட்டது என்று எழுதியிருந்தீர். பறவை சொன்னதெல்லாம் ஓலையேறிவிட்டமையால் இனி அதற்குத் தினை இடுவது வீண் எனக் கண்டு துரத்திவிட்டதாக அடியில் ஒரு குறிப்பும் இருந்தது.

எல்லாவற்றிலும் மேலானது உமது கடைசி வரி. நலம் என்னும் சொல் மூன்று முறை வந்தது, விம்மல் இரண்டு முறை வந்தது, மூன்றில் இரண்டு போக இளவரசியாரிடம் நலம் ஒன்று மீதம் உள்ளது என்று கணக்கை முடித்திருந்தீர். முழு ஓலை பின்தங்கி வர, அந்த மீதம் மட்டுமே குதிரையேறி முதலில் தலைநகர் வந்து சேர்ந்தது. அமைச்சர் அவையில் எழுந்து நின்று அதை வாசித்தார். மங்கல முரசு அறைந்தார்கள். நாம் அக்காரவடிசில் உண்டோம். நெய் சற்று அதிகம் என்றுகூடக் குறை சொன்னோம்.

மறுநாள், நீர் துரத்திய மைனா நம் முற்றத்து மாதுளங்கிளையில் வந்து அமர்ந்தது. அம்மா, நலம் என்று பூங்குழையின் குரலில் சொன்னது. முதல் நலம், பலமுறை சொல்லிப் பழகிக்கொண்டு சொன்னது. இரண்டாவது, அருகில் யாரோ நிற்கும்போது சொன்னது. மூன்றாவதை அவள் தொடங்கினாள், முடிக்கவில்லை, விழுங்கிவிட்டாள். அதையும் முழுச்சொல்லாகவே எண்ணிக்கொண்ட உமது தாராளத்தை என்னென்பது! சிறுபிள்ளையில் காய்ச்சல் கொதிக்கும்போதும் கசாயத்துக்குப் பயந்து இதே குரலில்தான் நலம் என்பாள். நெற்றியைத் தொடாமலே நமக்குத் தெரிந்துவிடும்.

உம்மிடம் விளக்கம் கேட்டு ஆள் அனுப்பினோம். பிழை கட்டத்தில் இல்லை, கட்டங்கள் போதாமையில்தான் உள்ளது என்றும், இன்னும் பத்திருபது கட்டங்கள் கூட்டினால் குரல் தானே வந்து அடங்கும் என்றும் விடை விடுத்தீர். அதோடு நில்லாமல், ஓலையை உரக்கப் படித்தால் அதுவே மீண்டும் குரலாகிவிடும் என்று உமது துணைக்கணக்கரையும் அனுப்பிவைத்தீர். சளி பிடித்திருந்த அந்த மனிதர் நம் முன் நின்று, விம்மல், சிறியது, ஒன்று. விம்மல், நடுத்தரம், ஒன்று என்று படித்தார். மைனா அவருடைய தும்மலைக் கற்றுக்கொண்டது.

நெல்லை அளக்கலாம், ஏனெனில் ஒரு படி நெல்லும் மறு படி நெல்லும் ஒன்றே. ஒருத்தி சொல்லும் நலமும் அவளே அடுத்துச் சொல்லும் நலமும் ஒன்றல்ல. உப்பு மூட்டை இறக்கி வைத்த இடத்தில் கிடக்கும், நாளைக்கும் எண்ணலாம். குரலோ ஓடிக்கொண்டே இருப்பது, முன்னே போனதும் பின்னே வருவதும் சேர்ந்தால்தான் அது குரல். பூங்குழை நமக்குச் சொல்ல வந்தது, இரண்டு சொற்களுக்கு நடுவே மூச்சை அடக்கிக்கொண்டாளே, அந்த இடத்தில் இருந்தது. அங்கே சொல் ஏதும் இல்லாமையால் நீர் அதற்கு ஒரு வெற்றுக்கட்டம்கூட விடவில்லை. கட்டம் விட்டிருந்தாலும் அதில் எதை எழுதியிருப்பீர்?

ஆகவே அறிக. இவ்வோலையின் பின்னாலேயே நாமும் நம் படையும் உமது வாயிலை அடைவோம். போர் நாடிச் செல்லவில்லை. மகளைப் பார்க்கச் செல்லும் தாயை எவரும் தடுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். தடுத்தால் தடுத்தவர் பாடு. வாயிலைத் திறந்து வையும். யானைகளின் எடை கேட்டு நிறுத்தாதீர். நீரும் எம்முடன் வருவீர், எழுத்தாணி கொண்டுவரலாகாது. தாழைநாட்டு அரண்மனையில் அவள் வாய் திறந்து பேசும்போது நீர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும், அவ்வளவே உமக்குத் தண்டனை.

எமக்கு முன்னே அம்மைனா பறந்து வரும். உமது கோட்டையில் இறங்கினால் தினையும் நீரும் வைத்து, ஒன்றும் கேளாமல், பறக்க விடும். அம்மா வருகிறேன் என்பதுதான் அது கொண்டுசெல்லும் செய்தி. அதைக் கற்பிக்கும்போது, அவை நடுவே ஒருபோதும் நடுங்காத நம் குரல் நடுங்கிவிட்டது. பறவை அந்த நடுக்கத்தோடுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. மறுமுறை சொல்லித் திருத்தலாம் என்றார் அமைச்சர். வேண்டாம் என்றோம். நம் மகள் அதை அப்படியே கேட்கட்டும்.

இது நம் ஆணை. மூங்கிற்கணு முத்திரை நம் கையால் இடப்பட்டது.