சந்தனம் வைக்காத காரணம்

பழுகாமம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். இங்கே வந்துபோன உங்கள் குழு ஜேர்மனிக்குச் சுகமாகத் திரும்பிச் சேர்ந்ததைச் சபைத் தவிசாளர் சொல்லித்தான் அறிந்தேன். உங்கள் ஊர் மேயரம்மா அவருக்கு மின்னஞ்சல் போட்டிருந்தாவாம். போனில் கதைத்தால் நீங்கள் இடையில் புகுந்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. சந்தியில் நட்ட பலகை நிற்கிறது. ‘பழுகாமம் – லிண்டன்ஹோவ், இரட்டை ஊர்கள்’ என்று எழுதி, உங்கள் ஊர்ப் பக்கம் ஓர் அம்பும் போட்டார்களே, அந்தக் கம்பத்தில் சாமித்தம்பி அண்ணனின் எருமை தினமும் கழுத்துத் தேய்க்கிறது. அம்பு இப்போது வயல் வட்டையைக் காட்டுகிறது. வேளாண்மை வெட்டப் போகிறவர்கள் “ஜேர்மனிக்குப் போய்ட்டு வாறம்” என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நீங்கள் கொண்டுவந்த சூரிய விளக்குகள் தோணித்துறையில் நன்றாக எரிகின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி நீங்கள் கோபித்த விஷயம். மாதர் சங்கத் தலைவி என்று வரவேற்பில் சந்தனத் தட்டை என் கையில் தந்தார்கள். பெண்கள் குரவை போட, வரிசையில் நின்ற எல்லாருக்கும் பொட்டு வைத்தேன். ‘திரு. ஜெயரூபன், லிண்டன்ஹோவ்’ என்று கழுத்தில் அட்டை தொங்க நீங்களும் நின்றீர்கள். உங்களை மட்டும் தாண்டிப் போனேன். “சபைக்கு முன்னால என்னை அவமானப்படுத்திப்போட்டாய்” என்று அன்றே செய்தி அனுப்பினீர்கள். சீதேவிப்பிள்ளை மச்சாளும் “புருசனோட என்னடி கோவம்” என்று கேட்டா. கோபமில்லை. வீட்டு ஆளுக்கு யாராவது வரவேற்புச் சந்தனம் வைப்பார்களா? வைத்திருந்தால், நீங்கள் விருந்தாளி என்று நானே ஊருக்கு முன் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

விதுர்ஷா சின்னப் பிள்ளை, அவளுக்கு அது தெரியாது. ரீச்சர் பழக்கியபடி எல்லாருக்கும் மாலை போட்டு, ஜேர்மன் பாஷையில் ‘வில்கொம்மன்’ என்று வரவேற்றாள். உங்களுக்கும் அப்படியே சொன்னாள். நீங்கள் ‘டாங்கே’ என்று தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டீர்கள். நீங்கள் வெளிநாடு போகும்போது அவள் தவழ்ந்த பிள்ளை. வீட்டுக்கு வந்து, அப்பாவுக்குத் தமிழ் மறந்துபோச்சா என்று கேட்டாள். வெட்கம் என்று சொல்லிவைத்தேன். குசினிக்குள் போய் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

குடியுரிமை கிடைத்தால் முதல் பயணம் வீட்டுக்குத்தான் என்று சொன்னவர் நீங்கள். வந்தீர்கள். தங்கியது மட்டக்களப்பு ஹோட்டலில். “குழுவோட வந்தனான், தனிய நிக்க ஏலா” என்றீர்கள். ஒழுங்கு அப்படி என்றால் சரி. ஆனால் மேயரம்மாவோடு வீடு பார்க்க வந்த அன்று, விறாந்தையில் கதிரையில் இருந்துகொண்டு, பையிலிருந்து போத்தல் தண்ணீரை எடுத்துக் குடித்தீர்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீரை மேயரம்மா கேட்டு வாங்கி இரண்டாம் தரமும் குடித்தா. நீங்கள் கிளாஸைத் தொடவில்லை. அந்தக் கிணறு வெட்டும்போது உள்ளே இறங்கி மண் அள்ளியவர் நீங்கள்.

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நீங்களும் வாழைச்சேனையிலிருந்து ஒரு பெட்டியோடு அப்படித்தான் வந்தீர்கள். அன்று அம்மா ஆலத்தி எடுத்து உள்ளே விட்டா. அதற்குப் பிறகு உங்களை வரவேற்க இந்த வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை.

இரட்டை ஊர் ஒப்பந்தப்படி அடுத்த முறை எங்கள் குழு அங்கே வரவேண்டுமாம். என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் ஊரில் வரிசையில் நின்று உங்கள் கையால் பூ வாங்க எனக்கு ஏலாது.

குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். அம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

லீவு கிடைத்தால் நீங்கள் வாருங்கள். குழு வேண்டாம், மாலை வேண்டாம், தவிசாளருக்கு அறிவிக்கவும் வேண்டாம். பட்டிருப்புப் பாலம் தாண்டி பஸ்ஸிலேயே வாருங்கள். நான் வாசலுக்கு வந்து நிற்கமாட்டேன். குசினியில் தண்ணீர்ப் பானை பழைய இடத்தில்தான் இருக்கிறது. செம்பை நீங்களே எடுத்து வார்த்துக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலிருந்து,
கஜானி